“யாருக்கு?” என்று கேட்டவர்

கேள்வி கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வீட்டில் “எங்க கெளம்பிட்டீங்க” என்று கேட்டால்கூடப் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான், திண்டிவனம் ஸ்டேஷன் ரோட்டில் இருக்கிற என் மெடிக்கல் கடையில், வாயைத் திறந்தால் கேள்வியாகவே வரும் ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டினேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் கடைக்கு வந்துபோனவர்களுக்கு ஆள் யாரென்று தெரியாது. அவர்களுக்கு அவர் ‘யாருக்குக்கா’. ஆட்டோ ஸ்டாண்டில் வைத்த பெயர் அது. யார் வந்து எதைக் கேட்டு நின்றாலும் அந்த அம்மா வாயிலிருந்து முதலில் வருவது “யாருக்கு?” என்பதுதான். மாத்திரை பெயரைச் சொன்னாலும் அதே, பழைய அட்டையை நீட்டினாலும் அதே, டாக்டர் சீட்டைக் கொடுத்தாலும் அதே. வந்தவர் பதில் சொல்லும்வரை கை அலமாரிப் பக்கம் போகாது.

வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் வந்து சாயங்கால வண்டியில் திரும்பிப் போவார். வேலை கேட்டு வந்த அன்றைக்கு நானும் ஒரு கேள்வி கேட்டேன்.

“விழுப்புரத்துல இல்லாத மெடிக்கலாம்மா? அங்க விட்டுட்டு எதுக்கு ரயிலேறி வர்ற?”

“அங்க ஒரு கடையில இருந்தேன் சார். நிறுத்திட்டாங்க.”

“எதுக்கு?”

“ரொம்ப கேள்வி கேக்கறேனாம். யாவாரம் கெடுதாம்.”

மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. சேர்த்துக்கொண்டேன். பெரிய மனசு என்று நினைக்கவேண்டாம். அந்த மாசம் கடையில் ஆள் இல்லை, வேறு வழியும் இல்லை.

முதல் வாரமே எனக்குச் சூடு வைத்தார். சாயங்காலக் கூட்டம். ஒருவர் அவசரமாக வந்து இருமல் டானிக் கேட்டார். நான் பாட்டிலை எடுத்துக் கவரில் போட்டு நீட்டிவிட்டேன். பக்கத்திலிருந்து இந்தம்மா, “யாருக்குங்க?” என்றார்.

“கொழந்தைக்கு.”

“கொழந்தைக்கு எத்தினி வயசு?”

“ஏழு மாசம்.”

நான் கொடுத்திருந்தது பெரியவர்கள் குடிக்கிற மருந்து. அந்த அம்மா கவரை மெல்ல வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “இந்த வயசுக்கு நாம டானிக் குடுக்கக் கூடாதுங்க, டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, எதிர்லயே இருக்குறாரு” என்று அனுப்பி வைத்தார். மருந்தாளுநர் படிப்பு படித்தவன் நான். என் சான்றிதழ் கண்ணாடி போட்டு என் தலைக்கு மேலேயே தொங்குகிறது. அந்த அம்மா படித்தது பிளஸ் டூ. எனக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. “இது மெடிக்கலா, போலீஸ் ஸ்டேஷனா? வர்றவன எல்லாம் நிக்க வெச்சி விசாரிச்சிகினு இருந்தா அடுத்த கடைக்குப் போய்டுவான்” என்று கத்தினேன். “போனா போறாங்க சார், கொழந்த நல்லா இருக்கட்டும்” என்றார்.

சிலர் அடுத்த கடைக்குப் போகத்தான் செய்தார்கள். மாத்திரை வாங்க வந்த இடத்தில் எத்தனை நாளாக, எந்த நேரத்தில், வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் பிடிக்குமா. “ஒரு தலைவலி மாத்திரைக்கு ஜாதகம் வரைக்கும் கேக்குது இந்தம்மா” என்று முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. அந்த அம்மா அசைய மாட்டார். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். அதை ஒரு தடவை பார்ப்பார், ஏதோ அவருக்கும் நேரம் போகிறது என்பதுபோல. பிறகு அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார்.

கேள்வி கேட்பது என்றால் ஊர்வம்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யார் வீட்டில் என்ன சண்டை, எவன் மகள் எவனோடு போனாள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். நான் ஏதாவது ஆரம்பித்தாலும் “அது நமக்கு எதுக்கு சார்” என்று நிறுத்திவிடுவார். மருந்து எந்த உடம்புக்குள் போகிறதோ அந்த உடம்பைப் பற்றி மட்டும்தான் கேள்வி.

எனக்கும் கேட்கத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாசா மாசம் சர்க்கரை மாத்திரை வாங்க ஒரு பெரியவர் வருவார். ஒவ்வொரு தடவையும் அக்கறையாக, “பெரியவரே, மாத்திரை ஒழுங்கா சாப்புடுறீங்களா?” என்று கேட்பேன். “சாப்புடறேம்ப்பா” என்பார். முடிந்தது. ஒருநாள் அந்த அம்மா குறுக்கே வந்து, “போன தடவ வாங்கினதுல இன்னும் எத்தினி மிச்சம் இருக்குது, அய்யா?” என்று கேட்டார். பெரியவர் யோசித்தார். மிச்சம் ஒன்றும் இல்லை, பதினைந்து நாளைக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது என்றார்.

“அதெப்படி, ஒரு மாசத்துக்கு இல்ல குடுத்தோம்? கூட யாரு சாப்புடறாங்க?”

பெரியவர் கவுண்டரின் கண்ணாடியை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றார். “எங்க வீட்லயும் சக்கரதாம்மா. அது ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குது. அதான் எனக்கு எழுதினத ரெண்டு பேரும் போட்டுக்கறோம்.”

ரெண்டு வருஷமாக அவரிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ரெண்டு வருஷமாக அவரும் சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யும் இல்லை. அந்த அம்மா அடுத்த வாரமே அவர் மனைவியை வரவழைத்து, ரத்தம் பரிசோதிக்க அழைத்துப்போய், தனிச் சீட்டு எழுதி வாங்க வைத்தார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். “நானுந்தான் கேட்டேன். என்கிட்ட சொல்லல, உன்கிட்ட மட்டும் சொல்றாரு” என்றேன். டிபன் பாக்ஸைத் திறந்தபடி அந்த அம்மா சிரித்தார்.

“நீங்க கேக்கறது கேள்வி இல்ல சார். பதில நீங்களே சொல்லிட்டு, அவங்கள தலய ஆட்டச் சொல்றீங்க.”

“அப்டின்னா?”

“சாப்டியான்னு கேட்டா பட்டினியா கெடக்கறவங்களும் சாப்ட்டேன்னுதான் சொல்லுவாங்க. நம்ம ஊரு பழக்கம் அது. இன்னா சாப்டன்னு கேட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “சரி, நீ இன்னா சாப்புடற?” என்றேன். டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

எல்லாக் கேள்வியும் அவருக்குக் கைகூடியது என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை பிசகிவிட்டது. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு பெண், நல்ல வாட்டசாட்டமான பெண், ஒரு மாசத்தில் மூன்று தடவை வலிக்குப் போடுகிற தைலம் வாங்க வந்தாள். கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்பாள். மூன்றாவது தடவை அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, “எத்தினி நாளா அடிக்கிறாரு?” என்று கேட்டார். அடித்தாரா என்று கேட்டிருந்தால் இல்லை என்று வந்திருக்கும், அதனால் அப்படிக் கேட்டார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தைலத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனவள்தான், மறுபடி வரவே இல்லை.

ஒரு வாரத்துக்கு அந்த அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. “கேள்வி சரிதான் சார், எடம் தப்பு. நிக்க வெச்சி கேக்கற கேள்வியா அது? உக்கார வெச்சி இல்ல கேட்டிருக்கணும்” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அதன்பிறகுதான் ஸ்டூல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கவுண்டருக்கு வெளியே, குளிர்பெட்டி ஓரமாக, வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். இருக்கிற இடமே ஆறடி, அதில் ஸ்டூலைப் போட்டால் ஆள் எங்கே நிற்பது என்று நான் சண்டை போட்டேன். கடைசியில் விழுப்புரத்திலிருந்து அவரே ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து போட்டார். தூக்கி எறியவா முடியும்.

இந்த ‘யாருக்கு’ எங்கிருந்து ஆரம்பித்தது என்று ஒருநாள் அவராகவே சொல்ல வந்தார். மழை, கடையில் ஆளில்லை. “ஒரு தடவ கேக்காம குடுத்துட்டேன் சார், பழைய கடையில” என்றார். நான் ஏதோ பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஓ” என்றேன். அவ்வளவுதான். என்ன கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பிழைத்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அனந்தபுரம் பக்கத்து விவசாயி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாசி மாதம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை மார்க்கெட் கமிட்டியில் விற்பனைக்குப் போட வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர், நடுவில் கடைக்கு வந்து கேஸ் மாத்திரை ஒன்று கேட்டார். நான் அட்டையிலிருந்து ஒன்றைக் கத்தரித்தும் விட்டேன்.

“யாருக்குங்க?”

“எனக்குத்தாம்மா. நெஞ்ச கரிக்குது.”

“உக்காருங்க. எங்க கரிக்குது?”

அவர் முஷ்டியை மூடி நெஞ்சு நடுவில் வைத்துக் காட்டினார்.

“எப்ப வருது?”

“மூட்டயத் தூக்கினா வருது. எறக்கி வெச்சிட்டு செத்த நேரம் குந்திகினு இருந்தா போய்டுது.”

“சாப்ட்டதும் வருதா?”

“சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. தூக்கினாத்தான்.”

அந்த அம்மா என் கையிலிருந்த மாத்திரையை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டார். ஆட்டோவைக் கூப்பிட்டு, அந்த மனிதர் “மூட்ட இன்னும் எறக்கல, எறக்கிட்டுப் போறேன்” என்று முரண்டு பிடிக்கப் பிடிக்க ஏற்றி, தானும் கூடவே ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கடையில் நான் ஒண்டியாளாகக் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்தேன். திரும்பி வந்து சொன்னார், அது கேஸ் இல்லையாம், இருதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்களாம். இன்னும் நாலு மூட்டை இறக்கியிருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டார் என்று அங்கே சொன்னார்களாம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாசியிலும் அந்த மனிதர் ஒரு பை நிறைய மல்லாட்டையோடு வருவார். ஸ்டூலில் உட்காருவார். அந்த அம்மா, “இப்ப எவ்ளோ தூரம் நடந்தா மூச்சு வாங்குது? காலையில போடற மாத்திர என்னா கலரு?” என்று கேட்பார். பரீட்சை எழுதுகிற மாதிரி அவர் பதில் சொல்லுவார். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். மல்லாட்டையை வறுத்து மத்தியானத்தில் நாங்கள் இருவரும் கொறிப்போம்.

மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்களுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் நாங்கள் யாரிடமும் போய் நிற்க மாட்டோம். கை நீட்டினால் எட்டுகிற அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைப் பார்ப்போம். முழங்கால் வலிக்கு நான் அப்படித்தான் போட்டுக்கொள்கிறேன். கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவர்களுக்கு நோய் வராது என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. உள்ளே இருக்கிறவர்களை யாரும் “யாருக்கு” என்று கேட்பதில்லை, அந்த அம்மா உட்பட. நான் மாத்திரை எடுக்கும்போது மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பார். முதலாளி ஆயிற்றே என்று விட்டுவிடுவார்.

போன ஐப்பசியிலிருந்து காலையில் கடைக்கு வந்ததும் அந்த அம்மா நேராக உள்ளே வருவதில்லை. வெளியிலேயே, அந்த நீல ஸ்டூலில் உட்காருவார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். முதல் நாள் நான் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“இன்னாம்மா, கேஸா?”

“ஆமா சார். கேஸ்தான்.”

ஒன்றைக் கத்தரித்து நீட்டினேன். போட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் எழுந்து உள்ளே வந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். மறுநாளும் அப்படியே. அதன்பிறகு நான் கேட்பதுகூட இல்லை. அவர் வந்து உட்கார்ந்தால் என் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும். “கேஸ்தானே?” என்பேன், அவர் தலையை ஆட்டுவார். கார்த்திகை முழுக்க, மார்கழி முழுக்க இதே கதைதான்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை நன்றாக நினைவிருக்கிறது. நினைவில்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்ளாத நாளில்லை. புதுச் சரக்கு வந்திருந்தது. நான் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மாத்திரையைக் கையில் வாங்கினார், வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னாம்மா?”

“ஒண்ணுமில்ல சார்.”

“காலையில சாப்டியா?”

“சாப்ட்டேன் சார்.”

“அப்புறம் இன்னா. ஜல்தி உள்ள வா, ஆளுங்க நிக்கிறாங்க.”

மாத்திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அன்றைக்கும் வந்தவர்களை எல்லாம் “யாருக்கு” என்று கேட்டார். சாயங்கால வண்டிக்குக் கிளம்பும்போது, “நாளைக்கு வர்றேன் சார்” என்றார். தினமும் சொல்வதுதான்.

தை பிறந்து ரெண்டு வாரம் இருக்கும். மணி பத்தாகியும் ஆளைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. பாசஞ்சர் லேட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கூட்டத்தில் தனியாக மாட்டிக்கொண்ட எரிச்சலில் இருந்தேன். பதினொரு மணிக்கு அவர் மகள் போன் பண்ணினாள். இங்கே திண்டிவனம் ஸ்டேஷனில், பிளாட்பாரத்திலிருந்து வெளியே வர ஏறி இறங்குகிற மேம்பாலத்தில், பாதிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். தினமும் அதே இடத்தில் உட்கார்ந்து எழுந்து வருகிறவர் என்பதால், கூட வண்டியில் வருகிறவர்கள் “இன்னாக்கா, வரட்டா” என்று சொல்லிக்கொண்டு கடந்து போயிருக்கிறார்கள். கூட்டமெல்லாம் போனபிறகும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

தினமும் படியேறும்போது பாதியில் உட்காருவார் என்பது ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. எப்போது வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் “படி ஏறினா வருது சார்” என்று சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். எனக்குக்கூடப் புரிந்திருக்கும், அவ்வளவு நாள் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறேனே.

அவருக்கே தெரியாமலா இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் ராத்திரி பகலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஊரார் நெஞ்சுவலியை ரெண்டு கேள்வியில் கண்டுபிடித்தவருக்குத் தன் வலி தெரியாதா. தெரிந்துதான் இருக்கும். தெரிந்ததை ஒருவர் வாய் திறந்து கேட்டால்தானே நமக்கும் சொல்ல வரும். நாமாகச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்கிற பயம் எல்லோருக்கும் இருப்பதுதான். அன்றைக்கு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது அடுத்த கேள்விக்காகத்தான். நான் சாப்டியா என்று கேட்டேன்.

காரியம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து மகள் கடைக்கு வந்தாள். அம்மாவின் டிபன் பாக்ஸ் ஒன்று இங்கேயே இருந்தது, அதை வாங்கிப் போக வந்தாள். கழுவித் துடைத்துக் கொடுத்தேன். “வீட்ல ஒண்ணும் சொல்லலியாம்மா?” என்று கேட்டேன்.

“நெஞ்சு எரியுதுன்னு சொல்லிச்சு சார். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் எவ்ளோவோ சொன்னேன். வேணாம், கடையில சார்கிட்ட கேட்டுட்டேன், அவரு அதுக்குப் படிச்சவரு, கேஸ்தான்னு சொல்லிட்டாருன்னுது. அப்புறம் நாங்களும் விட்டுட்டோம்.”

அவள் குற்றம் சொல்லவில்லை. என்னை நன்றியோடுதான் பார்த்தாள். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்ட மனுஷன் என்று. அதுதான் தாங்க முடியவில்லை. அந்தப் பெண் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மாசியில் அந்த அனந்தபுரத்துக்காரர் மல்லாட்டைப் பையோடு வந்தார். வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து, பையைக் காலடியில் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அக்கா எங்க சார்? லீவா?”

அக்கா என்று அவர் கூப்பிட்டாலும் அந்த அம்மாவைவிட அவர் பத்து வயதாவது பெரியவர். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“எதுனால சார்?”

“நெஞ்சுவலி.”

“திடீர்னா?”

“இல்ல. எரியுதுன்னு சொல்லிகினு இருந்துது.”

“எத்தினி நாளா?”

“மூணு மாசமா.”

அவர் கை தன்னால் எழுந்து தன் நெஞ்சு நடுவில் போய் நின்றது. அந்த அம்மா அவரிடம் கேட்டதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கோபமாகக் கேட்கவில்லை, அந்த அம்மா கேட்கிற மாதிரியே மெதுவாகத்தான் கேட்டார்.

“எப்ப வருதுன்னு கேட்டீங்களா சார்?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். அவர் கேட்டது அப்படித் தலையாட்டித் தப்பிக்கிற கேள்விதான், ஆனால் முடியவில்லை.

“கேக்கல” என்றேன். “கேஸான்னு கேட்டேன்.”

அவர் எழுந்து ஸ்டூலை என் பக்கமாக நகர்த்தி, “வெளிய வாங்க சார். செத்த உக்காருங்க” என்றார். கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். அந்த அம்மா வாங்கிப் போட்ட ஸ்டூலில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதில் உட்கார்ந்தால் உள்ளே நான் நிற்கிற இடம் நேர் எதிரில் இருக்கிறது. அங்கே நிற்கிறவனின் முகத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.